அடித்த வரிக்குக் காரணம் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் கலையிரவில் எங்கள் நகைச்சுவை நாடகத்துக்கு நேர்ந்தது உங்களுக்கே தெரியும். 9 பக்கப் பிரதி, மேடையேற இரண்டு நாள் இருக்கையில், சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ரிப்பன் வெட்ட வந்த ஒய்பி (மக்கள் பிரதிநிதி) வடையைத் தின்றுவிட்டு, வெள்ளம் ஏறிய வீடுகளை எட்டிக்கூடப் பார்க்காமல் காரேறும் காட்சி முழுவதும் போயிற்று. மானியக் கணக்கைக் கேட்டதும் சங்கத் தலைவருக்குக் காது அடைத்துக்கொள்ளும் காட்சியும் போயிற்று. ஏன் என்று கேட்டேன். "வேண்டாம்மா, பிரச்சினை வரும்" என்றார் உங்களில் ஒருவர். எந்த வரியால், எந்த விதிப்படி, யாருக்குப் பிரச்சினை? அதை எழுத்தில் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2022இல் கோலாலம்பூரில் ஒரு நகைச்சுவை அரங்கின் உரிமமே ரத்தானதைப் பார்த்தோம். கேலிச்சித்திரக்காரர் ஸுனார்மீது 2015இல் 9 தேச நிந்தனைக் குற்றச்சாட்டுகள். 2018இல் ஆட்சி மாறிய பிறகுதான் அவற்றைக் கைவிட்டார்கள். இணையத்தில் புண்படுத்தும் பதிவு போடுவோரைத் தண்டிக்கும் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவில் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டாக இருந்தது, 2025 பிப்ரவரியிலிருந்து 500,000 ஆகிவிட்டது. யாராவது கைப்பேசியில் எடுத்துப் போட்டுவிட்டால் சங்கத்தின் தலையில்தான் விடியும் என்று நினைத்திருப்பீர்கள். அதை வாய் திறந்து சொல்லியிருந்தால் உட்கார்ந்து பேசியிருக்கலாம். வரியை மாற்றியும் தந்திருப்பேன்.

ஆனால் அதே இரவில் நீங்கள் அடிக்காமல் விட்டதை நினைத்துப் பாருங்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு ஓர் ஆண் மணப்பெண்ணாக வந்தார். மாப்பிள்ளை அலறி ஓடினார். அது முடிந்ததும் அறிவிப்பாளர் எங்கள் குழுவின் 14 வயதுப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டு, "லைட்டைப் போடுங்கப்பா, தங்கச்சி நிற்கிற இடமே தெரியல" என்றார். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் நீங்களும் சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள். பிறகு ஒப்பனை அறைக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றவள், பவுடர் டப்பாவை என்னிடம் நீட்டி, "அக்கா, இன்னும் கொஞ்சம் போடுங்க. கழுத்துக்கும்" என்றாள். கழுத்துக்குப் போட்டேன். காதுமடலைக் காட்டினாள், அங்கும் போட்டேன். கடைசியில் புறங்கையைத் திருப்பிக் காட்டினாள். அப்போதாவது நான் டப்பாவை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

2025 மார்ச்சில் ஏரா என்ற மலாய் வானொலியின் அறிவிப்பாளர்கள் காவடியாட்டத்தையும் "வேல் வேல்" முழக்கத்தையும் கேலி செய்த காணொளி பரவியபோது, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கும் நாம் எல்லாரும் கொதித்தோம். அந்த வானொலி நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். அன்று அவ்வளவு புண்பட்ட மனம், நம் வீட்டுப் பிள்ளையின் நிறத்தை நம் மேடையிலேயே நாமே கேலி செய்தபோது எங்கே போயிற்று? அந்த அறிவிப்பாளரைத் தடை செய்யச் சொல்லவில்லை. அவரிடம் பேசினாலே போதும், புரிந்துகொள்வார். பதவியில் இருப்பவரைத் தொட்டால் சிவப்பு மை, கறுத்த பிள்ளையைத் தொட்டால் கைதட்டல் என்ற அளவுகோலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து சனிக்கிழமைதோறும் ஃபெர்ரி ஏறி மூன்று மாதம் ஒத்திகைக்கு வந்த பிள்ளைகளுக்கு மிஞ்சியது 8 நிமிடம். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று ஒன்றரை மணி நேரம் ஓடியது. மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து முடிப்பதற்குள் பின்வரிசைப் பெற்றோர் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது ஒன்றே. எதை அடிப்பீர்கள் என்ற விதியை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். எல்லாக் குழுவுக்கும் அதே விதி இருக்கட்டும்.

பொங்கல் விழா நாடகத்தின் பிரதியை இம்மாதக் கடைசியில் நானே கொண்டுவந்து தருகிறேன். அதிலும் ஒய்பி வருவார். அடிக்க வேண்டும் என்று தோன்றினால் அடியுங்கள். அடித்த வரியின் ஓரத்தில் காரணத்தை எழுதி, கீழே ஒருவர் கையொப்பமும் இடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
நாடகக் குழுப் பொறுப்பாளர்,
பினாங்கு