பாண்டா சின்னத்தோடு முடிந்துவிடக் கூடாது பீட்டர் ஸ்காட் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் பறவையியலாளர் சர் பீட்டர் ஸ்காட் (1909–1989) பற்றி நீங்கள் வெளியிட்டது போன்ற குறிப்புகளில் மூன்று செய்திகள் தவறாமல் இடம்பெறும். தென்துருவப் பயணத்தில் உயிர்நீத்த கேப்டன் ஸ்காட்டின் மகன். 1961-இல் உலக வனவிலங்கு நிதியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதன் பாண்டா சின்னத்தை வடிவமைத்தவர். மூன்றும் உண்மைதான். சின்னத்துக்கு அடிப்படையாக இருந்தவை ஜெரால்ட் வாட்டர்சன் வரைந்த கோட்டோவியங்கள் என்பதையும், கறுப்பு வெள்ளையில் அச்சிடும் செலவு குறைவு என்ற கணக்கும் அந்தத் தேர்வில் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர் எப்படி வேலை செய்தார் என்பது இந்த மூன்றிலும் தெரிவதில்லை. ஓவியம் ஒரு பக்கம், பறவை ஆய்வு இன்னொரு பக்கம் என்று அவரைப் பிரித்துக் காட்டுவது பெரிய பிழை. அவருடைய அறிவியலே அவருடைய தூரிகையிலிருந்துதான் வந்தது.

இளமையில் அவர் வேட்டைக்காரர். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வாஷ் வளைகுடாச் சேற்றுவெளியில் காட்டுவாத்துகளைச் சுட்டுத் திரிந்தவர். நீன் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு பழைய கலங்கரை விளக்கில் தங்கி, அந்தப் பறவைகளையே வரைந்தார். சுடுவதற்காக உற்றுப் பார்த்த கண்ணும் வரைவதற்காக உற்றுப் பார்த்த கண்ணும் ஒன்றே. பின்னாளில் துப்பாக்கியைக் கைவிட்டார்; பார்ப்பதை மட்டும் விடவில்லை. போர் முடிந்ததும், 1946-இல், குளோஸ்டர்ஷயரில் செவர்ன் ஆற்றங்கரையோர ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவை அறக்கட்டளையைத் தொடங்கினார். ரஷ்யாவிலிருந்து குளிர்காலத்துக்கு வந்து இறங்கும் வெள்ளைநெற்றிக் காட்டுவாத்துகள்தான் அவரை அந்த இடத்துக்கு இழுத்தன.

ஓவியக் கண் அறிவியலாக மாறியதற்குத் தெளிவான சான்று 1964-இல் தொடங்கிய பெவிக் அன்னப் பதிவேடு. ஸ்லிம்பிரிட்ஜில் அவருடைய ஓவிய அறைச் சன்னலுக்கு நேர் எதிரே ஒரு குளம். சைபீரியப் பக்கத்துத் துந்திரா எனும் மரமற்ற குளிர்வெளியிலிருந்து ஏறத்தாழ 3,500 கி.மீ. பறந்து வரும் பெவிக் அன்னங்கள் அங்கே இறங்கத் தொடங்கின. இவற்றின் அலகு அடியில் மஞ்சள், நுனியில் கறுப்பு. இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோடு பறவைக்குப் பறவை மாறுபடுகிறது என்பதை ஸ்காட் வரைந்துகொண்டிருக்கும்போதே கண்டார். கால்வளையம் மாட்டாமல், பறவையைத் தொடாமலே ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காணலாம் என்பது அங்கிருந்து பிறந்தது.

முறை எளியது, ஆனால் கறாரானது. ஒவ்வோர் அன்னத்துக்கும் அலகை முன்பக்கமாகவும் இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் வரைய வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் வரைந்தால் ஏமாந்துபோவோம். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. முதலில் அலகின் மேல்முகட்டைப் பார்த்து வகை பிரித்தார்கள். முகடு கறுப்பாகவே நெற்றிவரை ஓடினால் 'டார்க்கி'. மஞ்சள் நெற்றியோடு சேர்ந்தால் 'யெல்லோநெப்'. இரண்டும் திட்டாகக் கலந்து நின்றால் 'பென்னிஃபேஸ்'. அதற்குப் பிறகுதான் நுணுக்கம்: மூக்குத் துளைக்குக் கீழே மஞ்சள் எவ்வளவு இறங்குகிறது, தனிப் புள்ளி உண்டா, கண்ணிமை நிறம் என்ன. எண் கொடுத்தால் மனத்தில் நிற்காது என்பதால் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள்.

இதில் தவறு நேரும் இடங்களும் தெரிந்தவையே. மேய்ந்துவிட்டு வரும் பறவையின் அலகில் சேறு ஒட்டியிருந்தால் மஞ்சளும் கறுப்பாகத் தோன்றும். எதிர்வெளிச்சத்தில் பார்த்து வரைந்த படத்தை நம்பவே கூடாது. முதல் குளிர்காலக் குஞ்சின் அலகில் கோலம் இன்னும் தெளிந்திருக்காது. அடுத்த குளிர்காலத்தில்தான் நம்பிப் பதியலாம். அதுவரை அதைப் பெற்றோரை வைத்தே அடையாளம் காண வேண்டும். முதல் ஆண்டில் குஞ்சுகள் பெற்றோருடனேயே பயணம் செய்வதால் அது முடிகிறது.

இப்படி ஆயிரக்கணக்கான அன்னங்கள் பதிவேட்டில் ஏறின. ஒரே இணை ஆண்டுக்காண்டு சேர்ந்தே வருவதும், இணை உயிரோடிருக்க இன்னொன்றைத் தேடிப் போவது மிக அரிது என்பதும் இதிலிருந்து தெரிந்தது. சில அன்னங்களைப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தபோது, சட்டப் பாதுகாப்பு பெற்ற இந்தப் பறவைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கின் உடலில் துப்பாக்கிச் சன்னங்கள் இருந்தன. வரும் வழியெங்கும் சுடப்பட்டும் பிழைத்து வந்தவை அவை. இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அடுத்தது ஹவாய்த் தீவுகளின் நேனே காட்டுவாத்து. அழிவின் விளிம்பிலிருந்து ஸ்காட் மீட்ட பறவை என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். உண்மை அதைவிடச் சிக்கலானது, அதனாலேயே பயனுள்ளது. 1950 வாக்கில் உலகில் எஞ்சியிருந்தவை முப்பதைச் சுற்றியே. அந்த ஆண்டு ஒரு ஜோடி என்று நம்பி இரண்டு பறவைகளை ஸ்லிம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டுமே முட்டையிட்டன! ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் வந்த வினை. அவசரமாக ஓர் ஆண் பறவை வரவழைக்கப்பட்டது. அந்த மூன்றிலிருந்து பெருகியது பண்ணைக் கூட்டம்.

அங்கேயும் கோளாறு வந்தது. சில பறவைகளின் வழிவந்தவையே திரும்பத் திரும்ப இணைசேர்ந்ததால் கருவுறாத முட்டைகள் கூடின. சில குஞ்சுகளின் தூவி பஞ்சுபோல் இல்லாமல் மயிர்போல் ஒட்டிக் கிடந்தது. அது உடற்சூட்டைக் காக்காது. ஹவாயிலிருந்து புதிய பறவைகளைக் கொண்டுவந்து கலந்தால்தான் இதற்குத் தீர்வு என்பது பிறகு புரிந்தது.

1962-இல் ஸ்லிம்பிரிட்ஜில் வளர்ந்த 30 பறவைகள் மாவி தீவின் ஹலேயகலா எரிமலைப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்தடுத்து நூற்றுக்கணக்கில் விட்டார்கள். ஆனாலும் காட்டில் அவை எதிர்பார்த்தபடி பெருகவில்லை. காரணம், பறவைகளை அழித்த பகை அப்படியே இருந்தது. கரும்புத் தோட்ட எலிகளைப் பிடிக்க மனிதர் கொண்டுவந்து விட்ட கீரி, அதோடு பூனை, நாய் எல்லாம் தரையில் கூடு கட்டும் பறவையின் முட்டையையும் குஞ்சையும் தின்றன. இறகு உதிர்க்கும் வாரங்களில் பெரிய பறவையாலும் பறக்க முடியாது. மேட்டு நிலத்தில் குஞ்சுக்கு வேண்டிய சத்தான புல்லும் குறைவு. கீரி நிலைகொள்ளாத கவாய் தீவின் தாழ்நிலங்களில் அதே நேனே தழைத்தது என்பதை ஒப்பிட்டால் பாடம் விளங்கும். கூண்டில் பெருக்குவது கால அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். இப்போது நேனேக்கள் மூவாயிரத்துக்கும் மேல். அமெரிக்க அரசு 2019-இல் அதன் அபாய நிலையை ஒரு படி குறைத்தது. ஆனாலும் கொன்றுண்ணிக் கட்டுப்பாட்டை நிறுத்த முடியாது.

அழியும் நிலையில் உள்ள உயிரினங்களைப் பட்டியலிடும் சிவப்புத் தரவு நூலிலும் இதே நடைமுறை அறிவைக் காணலாம். சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் உயிரினப் பிழைப்புக் குழுவுக்கு 1963 முதல் 1980 வரை தலைவராக இருந்த ஸ்காட், அதைத் தைத்த புத்தகமாக்காமல் கழற்றி மாட்டும் தாள்களாக அமைக்கச் செய்தார். நிலை மாறினால் அந்தத் தாளை மட்டும் மாற்றலாம். ஆபத்தின் அளவைத் தாளின் நிறமே சொல்லும். மீண்டுவிட்ட இனத்துக்குப் பச்சைத் தாள். 1971-இல் ஈரானின் ராம்சாரில் கையெழுத்தான ஈரநில ஒப்பந்தத்துக்கான உழைப்பிலும் ஸ்லிம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஜெஃப்ரி மேத்யூஸுக்குப் பெரும் பங்குண்டு.

பெவிக் அன்னங்களின் இன்றைய நிலை நல்லதாக இல்லை. வடமேற்கு ஐரோப்பாவுக்கு வருபவை 1995-இல் ஏறத்தாழ 29,000. 2010-இல் 18,000 அளவுக்குச் சரிந்தன. குளிர்காலம் மிதமாகிவிட்டதால் பல அன்னங்கள் இங்கிலாந்து வரை வராமல் கிழக்கே உள்ள நாடுகளிலேயே தங்கிவிடுகின்றன. அதையும் உண்மையான சரிவையும் பிரித்தறிய, தனித்தனிப் பறவைகளைப் பின்தொடரும் பதிவேடு வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது.

எனவே ஒரு வேண்டுகோள். ஸ்காட் பற்றி மறுபடி வெளியிடும்போது, பாண்டா சின்னத்துக்குப் பதில் அன்னத்தின் அலகை மூன்று கோணத்தில் காட்டும் ஒரு கோட்டுப்படத்தைப் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்து, தங்களுக்குத் தெரிந்த எந்தப் பறவையையும் அதே போல் மூன்று கோணத்தில் வரைந்து பார்க்கட்டும். நேனே பற்றிய வரியில் கீரியையும் சேருங்கள்.

இப்படிக்கு,
நீர்ப்பறவைகளைக் கவனித்துவரும் வாசகர்கள் சிலர்