ஒரே பெட்டிக்குள் இரண்டு வகை ஹீட்டர் பிளக்: முறைப்பாட்டுக் கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் பிரிவு,
வாகன உதிரிப்பாக விற்பனை நிலையம்,
பஞ்சிகாவத்தை, கொழும்பு 10.

ஐயா,

விடயம்: 11 வோல்ற்று என்று விற்கப்பட்ட நான்கு ஹீட்டர் பிளக்குகளில் இரண்டு வேறு வகையாக இருந்தமை

டீசல் இஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன் உள்ளே சூடாக்கும் ஹீட்டர் பிளக் நான்கு கொண்ட பெட்டியை உங்கள் கவுண்டரில் கடந்த மாதம் வாங்கினேன்; அதைப் பற்றியது இக்கடிதம். பற்றுச்சீட்டின் பிரதியும் நான்கு பிளக்குகளின் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. "வீட்டில் பூட்டியதற்கு உத்தரவாதம் இல்லை" என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். பிழை பூட்டியதில் இல்லை, பொருளில்தான் என்பதை அளவுகளோடு காட்டுகிறேன்.

இஞ்சின் நான்கு சிலிண்டர், சுழல் அறை (சிலிண்டருக்கு மேலே டீசல் முதலில் தெளிக்கப்படும் சிறிய அறை) கொண்ட பழைய வகை டீசல். பிளக் நான்கும் ஒரே செப்புத் தகட்டில் சமாந்தரமாக இணைந்திருப்பதால், ஒவ்வொன்றுக்கும் அதே மின்னழுத்தம்தான் போகும். சாவியைத் திருப்பிய பின் தகட்டில் 11 வோல்ற்று வருகிறது. 18 செக்கனில் ரிலே என்ற தானியங்கி ஆளி அதை நிறுத்துகிறது. இதை மூன்று முறை அளந்தேன். ஆகவே ரிலே ஒட்டிக்கொண்டு பிளக்கை எரித்தது என்ற வாதத்துக்கு இடமில்லை.

பூட்டிய நான்காம் நாள் காலை இஞ்சின் குலுங்கியபடி ஸ்டார்ட் ஆனது. எரியாத டீசல் மணத்தோடு வெள்ளைப் புகை வந்து, ஒரு நிமிடத்தில் அடங்கியது. ஒரு சிலிண்டர் எரியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. தகட்டைக் கழற்றி ஒவ்வொரு பிளக்கையும் தனியாகச் சோதித்தேன். மல்ரிமீற்றரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 ஓம் தடை காட்டும். அதைக் கழித்த பின் வந்த கணக்கு இது: முதலாவதும் மூன்றாவதும் 0.7 ஓம், நான்காவது 0.3 ஓம், இரண்டாவது முற்றாக அறுந்துவிட்டது. இவ்வளவு சிறிய தடையில் மல்ரிமீற்றரை மட்டும் நம்பக்கூடாது என்பதால் கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீற்றராலும் பார்த்தேன். முதலாவதும் மூன்றாவதும் 15 அம்பியரில் தொடங்கி, சூடேறியதும் 9க்கு இறங்குகின்றன. நான்காவது 35க்கு மேலே தொடங்குகிறது.

இது 6 வோல்ற்று பிளக்கின் குணம். மரை அதே 10 மில்லிமீற்றர், உயரமும் அதேதான். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. வோல்ற்று எண்ணை உடம்பில் பொறித்திருப்பதே அதற்காகத்தான். முதலாவதிலும் மூன்றாவதிலும் 11வி என்று தெளிவாக இருக்கிறது. மற்ற இரண்டிலும் அந்த இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருக்கிறது; படத்தில் கோடுகளைப் பார்க்கலாம். 6 வோல்ற்றுக்குச் செய்த கம்பிச்சுருளில் 11 வோல்ற்றைச் செலுத்தினால், அது மூன்று மடங்குக்கு மேற்பட்ட வலுவைத் தாங்க வேண்டும். தாங்காது.

டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் கோளாறாக இருக்கலாம் என்றும் சொன்னீர்கள். தெளிப்பு கெட்டால் பிளக் நுனி ஒரு பக்கமாக உருகி அரிக்கப்பட்டிருக்கும். இங்கே இரண்டாவது பிளக்கின் 5 மில்லிமீற்றர் தண்டு சுற்றிலும் சமமாக ஊதி, நுனியில் 5.4 ஆகியிருக்கிறது. அது உள்ளிருந்து வந்த சூடு. மேலும், எந்த இன்ஜெக்டராலும் ஒரு பிளக்கின் தடையைப் பாதியாகக் குறைக்கவோ, பொறித்த எழுத்தை அழிக்கவோ முடியாது.

பூட்டிய முறையையும் எழுதிவிடுகிறேன். முதல் நாள் இரவே மரையில் ஊடுருவும் எண்ணெய் விட்டு, மறுநாள் இஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டு, 12 மில்லிமீற்றர் நீளச் சொக்கெட்டால் பழைய பிளக்குகள் கழற்றப்பட்டன. 35 நியூற்றன் மீற்றருக்கு மேல் விசை கொடுக்கவில்லை. அதற்கு மேலே போனால் 10 மில்லிமீற்றர் பிளக் முறியும். துளையில் இருந்த கரி, துளையைச் சுரண்டித் துப்புரவாக்கும் ரீமரில் கிரீஸ் பூசி எடுக்கப்பட்டது. புதியவை முழு மரையும் கையால் ஏற்றப்பட்டு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ரென்சால் 15 நியூற்றன் மீற்றரில் இறுக்கப்பட்டன. பிளக்கின் தலையில் தகட்டைப் பிடிக்கும் நட்டுக்கு 1.5 போதும். இதற்கு மேலாக எந்தக் கராஜும் எதுவும் செய்யப்போவதில்லை.

"கொழும்பு வெக்கைக்கு ஹீட்டர் பிளக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று உங்கள் கவுண்டரில் சொன்ன வார்த்தை எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. நேரடியாகச் சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் புதிய கொமன் ரெயில் இஞ்சினுக்கு அது ஓரளவு பொருந்தும். சுழல் அறை இஞ்சினில், அமுக்கிய காற்றின் சூட்டை அந்த அறையின் குளிர்ந்த சுவரே உறிஞ்சிவிடும். விடியற்காலை 24 பாகையிலும் பிளக் இல்லாமல் அது ஒழுங்காகப் பிடிக்காது. பிடிக்கும்வரை சுழற்றிக்கொண்டிருந்தால் ஸ்டார்ட்டரும் பற்றரியும்தான் தேயும்.

புகையோ குலுக்கமோ பெரிய விடயமல்ல. உண்மையான ஆபத்து, ஊதிய நுனி துளைக்குள் சிக்குவதுதான். இரண்டாவது பிளக்கின் மரை இலகுவாகவே விட்டது, ஆனால் தண்டு வெளியே வரவில்லை. எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் திருப்பி எடுக்க ஒரு மணித்தியாலம் ஆனது. அவசரப்பட்டு இழுத்திருந்தால் நுனி முறிந்து சுழல் அறைக்குள் விழுந்திருக்கும். அங்கிருந்து பிஸ்ரனுக்கு மேலே போகும். பிறகு சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டும். அதே பெட்டியை உங்களிடம் வாங்கிய வேறு யாருக்காவது இந்நேரம் அது நடந்திருக்கலாம் என்பதே என் கவலை.

ஆகவே, நான்கு பிளக்குகளுக்குமான முழு விலையையும் திருப்பித் தாருங்கள். இரண்டை மட்டும் மாற்றித் தருவதை ஏற்கமாட்டேன், கலந்த தொகுதியை நம்ப முடியாது. அந்தத் தொகுதியில் மிஞ்சிய பெட்டிகளை விற்பனையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பிளக்கின் பொறிப்பையும் தடையையும் சரிபாருங்கள். எண் தேய்க்கப்பட்ட பிளக்குகள் எந்த விநியோகஸ்தரிடமிருந்து வந்தன என்பதை எழுத்தில் அறியத் தாருங்கள். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்துமூலம் முறையிடுவேன். முறையிடுவதற்கு விற்பனை நாளிலிருந்து உள்ள மூன்று மாத அவகாசம் இன்னும் முடியவில்லை.

நான்கு பிளக்குகளும் என்னிடமே இருக்கின்றன. உங்கள் தொழில்நுட்பவியலாளர் எந்த நாளில் வந்தாலும், அவர் முன்னிலையில் மீண்டும் அளந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்