இன்குபேட்டர் அருகே ஒரு நாற்காலி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறைமாதக் குழந்தைகள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, வென்டிலேட்டர், நுரையீரல் விரிவதற்குக் கொடுக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து, சிகிச்சைக்கு ஆகும் செலவு ஆகியவற்றை நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால், அந்தக் குழந்தைகளை வைத்திருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அப்படியொரு பெஞ்சில் 78 நாள்கள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வளைகாப்புக்கு நாள் குறித்துக் கண்ணாடி வளையல்களும் வாங்கி வைத்திருந்த நிலையில், 26ஆம் வாரத்தில் என் மகள் பிறந்தாள். எடை 810 கிராம். 28 வாரம் நிறைவதற்குள் பிறப்பவர்களை மருத்துவர்கள் மிகக் குறைமாதக் குழந்தைகள் என்கிறார்கள். ஏழாம் மாதத்தில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று பேசும் எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதற்குக் கணக்கே இல்லை. வந்தவர்கள் வாழ்த்துவதா ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் திரும்பினார்கள். பெயர் வைக்க எங்களுக்கும் துணிவில்லை. ‘பேபி ஆஃப்’ என்று என் மனைவியின் பெயரோடு ஒட்டியிருந்த சீட்டுதான் அவளுடைய முதல் பெயர்.

அந்தத் தனியார் மருத்துவமனையில் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் என்பதே பெற்றோருக்கு அனுமதிக்கப்பட்ட நேரம். முழங்கை வரை கைகழுவி உள்ளே போனால், பாதி நேரம் மானிட்டரில் ஓடும் எண்ணைப் பார்ப்பதிலேயே கழிந்துவிடும். இவ்வளவு சிறிய குழந்தைகள் இடையிடையே மூச்சுவிட மறந்துவிடும் என்பதை ஒரு மாலை நேரில் கண்டேன். அலாரம் அடித்ததும் செவிலியர், குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் நிதானமாகக் கையை விட்டு, அவள் உள்ளங்காலை ஒரு விரலால் லேசாகச் சுண்டினார். எண் மெல்ல ஏறியது. அவருக்கு அது அன்றாட வேலை. எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. என் மனைவியோ இரண்டு மூன்று மணி நேரத்துக்கொரு முறை பாலைப் பீய்ச்சி, சிறு புட்டியில் நேரம் எழுதி வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்புவார்; முதல் வாரத்தில் வேளைக்கு ஒரு மில்லிதான் குழாய் வழியே உள்ளே போயிற்று.

34ஆம் நாள், இளம் மருத்துவர் ஒருவர் வற்புறுத்தியதால், மகளை என் மனைவியின் மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். மறுநாள் என்னையும் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடச் சற்றே கூடுதலான கனம். அந்த ஒரு மணி நேரத்தில் அலாரம் ஒரு முறைகூட அடிக்கவில்லை.

கங்காரு பராமரிப்பு எனப்படும் இந்த முறை புதிதன்று. இன்குபேட்டர்கள் போதாமல் திண்டாடிய கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் தொடங்கியது. டெல்லி உள்ளிட்ட ஐந்து நகரங்களின் மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயோடு சேர்த்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தபோது, இறப்பும் குறைந்தது, நோய்த்தொற்றும் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2022இல் இதைப் பரிந்துரைத்துவிட்டது. வென்டிலேட்டரில் இருந்த முதல் நாள்களில் என் மகளுக்கு இது பொருந்தியிருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வென்டிலேட்டரை எடுத்தது 12ஆம் நாள். அதன்பின் மூன்று வாரம் எங்களை வெளியே நிறுத்தியதற்கு ‘தொற்று வந்துவிடும்’ என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லப்படவில்லை.

மருத்துவர்கள்மீதும் செவிலியர்மீதும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் மகள் இன்று வீட்டில் தவழ்வது அவர்களால்தான். குறை அந்தப் பார்வை நேரப் பலகைமீதுதான். நோயாளியைப் பார்க்க ஆப்பிளோடு வரும் உறவினருக்கு எழுதிய விதியைத் தாய்க்கும் தகப்பனுக்கும் பொருத்துவது சரியா என்று மருத்துவமனைகள் யோசிக்க வேண்டும். இடமில்லை என்பார்கள். நாங்கள் கேட்பது ஒரு சாய்வு நாற்காலி போடும் இடம்தான்.

இப்படிக்கு,
மகளைப் பெற்ற ஒரு வாசகர்,
மதுரை.