மழையில் நனைய விட்டவர்களுக்கு நன்றி

அன்புடைய பெற்றோருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு வடகிழக்குப் பருவமழையின்போது எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் மழையில் விளையாடியபடியே அறிவியல் பயிலத் துணை நின்ற உங்கள் அனைவருக்கும் பள்ளியின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். சளி பிடித்துவிடுமோ என்ற தயக்கம் இருந்தும் மாற்றுடையும் துண்டும் கொடுத்தனுப்பிய தாய்மார்களுக்கே முதல் நன்றி. அவர்கள் இசைந்திராவிட்டால் மற்ற ஏற்பாடுகளுக்கு வேலையே இருந்திருக்காது.

மளிகைக் கடைக்காரர் காசு வாங்காமல் கொடுத்த மைதாவைப் பற்றிக் குழந்தைகள் இன்னும் பேசி ஓயவில்லை. சலித்துத் தட்டில் பரப்பிய மாவை இரண்டு மூன்று நொடிகள் மட்டும் மழையில் நீட்டி எடுத்தால், விழுந்த துளி ஒவ்வொன்றும் மாவைத் திரட்டிக்கொண்டு சிறு உருண்டையாகிவிடும். உலரவிட்டு மீண்டும் சலித்தால் உருண்டைகள் மட்டும் சல்லடையில் தங்கும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி, துளிகளின் அளவை அறியக் கையாண்டு 1904இல் வெளியிட்ட முறை இது. தூறலில் கடுகளவும் கனமழையில் மிளகளவுமாகக் கிடைத்த உருண்டைகளை, யாரும் சொல்லாமலே குழந்தைகள் சிறியது முதல் பெரியது வரை வரிசையாக அடுக்கத் தொடங்கினர். எங்களுக்கு அதுவே பாடம் நடந்ததற்குச் சான்று. தேர்வு எதுவும் வைக்கவில்லை.

தேநீர்க் கடையிலிருந்து வந்த நேர்ப்பக்கக் கண்ணாடி ஜாடிகள் மழைமானிகளாயின. ஜாடியில் 10 மில்லிமீட்டர் நீர் நின்றால், வெளியே ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்திலும் 10 லிட்டர் விழுந்திருக்கிறது என்பதை வாளிகளைக் கொண்டு விளக்கினோம். “ஓர் உழவு மழை பெய்திருக்கிறது” என்று, உழும் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருப்பதை மண்ணைக் கிளறிப் பார்த்துச் சொன்ன பெரியவரையும், ஜாடியை எட்டிப் பார்த்த பிள்ளைகளையும் ஒரே இடத்தில் நிற்க வைத்த பெருமை அந்தக் கடைக்காரருக்கு உரியது. தம் ஓட்டு வீட்டின் இறவாணத்தில் சொட்டும் நீர் மண்ணில் வரிசையாகக் குழி பறிப்பதைக் காட்டிய பாட்டிக்கும் எங்கள் வணக்கம்.

இடிச் சத்தம் கேட்டவுடன் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் அழைத்து, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடங்கள் கழியும்வரை வெளியே விடாமல் காத்த அங்கன்வாடிப் பணியாளருக்குக் குழந்தைகள் நன்றி சொல்லமாட்டார்கள், நாங்கள் சொல்கிறோம்.

இரவல் வாங்கிய சல்லடைகளைக் கழுவி உலர்த்தி வைத்திருக்கிறோம். அவற்றுள் இரண்டில் பெயர் எழுதப்படவில்லை. உரியவர்கள் பள்ளி நேரத்தில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
தலைமை ஆசிரியர்