வெளுத்துப்போன சிவப்பு

கும்பகோணம்,
மார்கழி 12.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தியில் மகிழ்ந்தேன் என்றாலும், உங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் என் பழைய நீர்வண்ணப் படத்தில் அந்தப் பெண்ணின் சேலை வெளுத்துவிட்டது என்று கடைசியில் நீ எழுதிய ஒற்றை வரிதான் இரண்டு நாளாக மனத்தை விட்டு அகலவில்லை. குழந்தை என்னை மன்னிக்கட்டும்.

நாம் படித்த காலத்தில், 1987-இல், பகவத் படித்துறையில் உட்கார்ந்து வரைந்த படம் அது. சேலைக்கு அலிசரின் கிரிம்சன் என்ற கருஞ்சிவப்பைப் பூசினேன். ஈரத்தாளில் அது பரவும் அழகில் மயங்காதவர் நம் வகுப்பில் யார்? ஆனால் அது வெளிச்சத்தைத் தாங்காத நிறம். தண்ணீர் கூட்டி மெலிதாகப் பூசிய இடத்தில் இன்னும் விரைவாக மங்கும். டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்கு ஹென்றி வான் என்பவர் 1900-இல் உயில்வழி அளித்த ஆங்கில ஓவியர் டர்னரின் 31 நீர்வண்ணப் படங்களை, அங்கே வெளிச்சம் மிகக் குறைந்திருக்கும் ஜனவரி மாதத்தில் மட்டுமே பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. நாமோ கிழக்குச் சன்னலுக்கு எதிரே ஆணி அடித்தோம், அடித்தவன் நானேதான்.

படத்தை அனுப்புகிறேன், சரிசெய்து கொடு என்கிறாய். வேண்டாம். பழைய தாளில் பசைத்தன்மை போயிருக்கும். புதிய வண்ணம் மேலே நிற்காமல் மைஒற்றும் தாளில் இறங்குவதுபோல் இறங்கித் திட்டுத்திட்டாகிவிடும். அதோடு, அந்தச் சிவப்பை அவ்வளவு அவசரமாக இழுத்த கை இப்போது என்னிடம் இல்லை.

இப்போது வரைவது வேறு மாதிரி. சித்திரையில் தூரிகை மறுஓரம் போவதற்குள் தாள் காய்ந்துவிடும் என்று அலுத்துக்கொள்வோமே, இந்த மார்கழி விடியலில் ஒரு வானம் காய அரை மணி நேரமாகிறது. காத்திருக்கிறேன். நம் ஆசிரியர் ஒருநாள் முடித்த படத்தைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தபோது நாம் பதறியது உனக்கு நினைவிருக்கும். 1903-இல் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர்களிடம் வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் பார்த்துத் தமக்கென வளர்த்துக்கொண்ட 'வாஷ்' முறை அது. அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக இருந்தவர் என்பதால், நம் ஆசிரியரின் தொட்டிக்கு அது வந்த வழியை ஊகிக்கலாம். இப்போது நானும் முக்குகிறேன். கழுவியபின் மிஞ்சுவதன்மேல் மறுபடி பூசுகிறேன். காவிரி மணலை மட்டும் தொடுவதே இல்லை. வெறும் தாளாகவே விட்டுவிடுகிறேன். முன்பு அதற்கும் ஒரு மஞ்சள் பூசாமல் கை சும்மா இருக்காது.

படத்தைக் கழற்றி, மாடிப்படிக்குக் கீழே வெயில் எட்டாத சுவரில் மாட்டிவிடு. கழற்றும்போது பின்பலகையைத் திறந்து, ஓரத்து அட்டையை மெல்லத் தூக்கிப் பார். அவளுடைய முந்தானை வலது விளிம்புவரை போகும். அட்டை மறைத்திருந்த அரை அங்குலத்தில் அன்றைய சிவப்பு அப்படியே இருக்கும். உன் மகனிடம் சொல்லி அதை மட்டும் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்