பிப்ரவரியில் 6 டிகிரி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தம்பி வேலை விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன். ஸ்காட்லாந்தின் வடகோடியில், ஷெட்லாந்துத் தீவில், உன் லெர்விக்கில் குளிர் எப்படி? கேட்டால் "ஒண்ணும் இல்லப்பா, பழகிடுச்சு" என்று ஒரு வரி அனுப்பிவிடுகிறாய். அதனால் நானே தேடிப் பார்த்து எழுதி வைக்கிறேன். பழைய பால் கணக்கு நோட்டில் பின்பக்கம் மீதி இருந்தது. மாதத்துக்கு ஒரு வரி. பகலுக்கு ஒரு கட்டம், இரவுக்கு ஒரு கட்டம்.

ஜனவரி, பிப்ரவரியில் சராசரியாகப் பகல் 6, இரவு 2. மார்ச்சிலும் பெரிதாக ஏறக் காணோம். மே மாதம் 10, 11. ஜூலை, ஆகஸ்ட்தான் உச்சம், அதுவே 14, 15. இங்கே மார்கழி விடியலில் 20-ஐத் தொட்டாலே அம்மா குல்லாவைத் தேடுவாள். உங்கள் ஊரில் நடுக்கோடை மத்தியானமே அதைவிடக் குளிர். அந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பூகோள வாத்தியார்தான் சமாதானம் சொன்னார். ஏறக்குறைய அதே 60 டிகிரி அட்சரேகையில் இருக்கிற செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தை, மாசியெல்லாம் பூஜ்யத்துக்குக் கீழேதானாம். ஷெட்லாந்தைக் காப்பாற்றுவது அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம். கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதால்தான் டிசம்பரைவிடப் பிப்ரவரி குளிர், ஜூனைவிட ஆகஸ்ட் இதம். அவரிடம் சொன்னேன், அந்தத் தீவில் என் மகள் ராத்திரி ஷிஃப்டில் ஒரு வார்டையே பார்த்துக்கொள்கிறாள் என்று. தெருவில் பாதிப் பேரிடம் சொல்லியாகிவிட்டது.

ஆனால் அந்த 6 டிகிரியில் காற்று சேரவில்லை, பாப்பா. வெப்பமானியை வெயிலும் காற்றும் நேராகப் படாதபடி, பக்கமெல்லாம் சாய்ந்த மரச்சட்டம் அடித்த வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து அளப்பார்களாம். அந்தப் பெட்டியை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சனும் ஸ்காட்லாந்துக்காரர்தான். நீ பெட்டிக்குள் இல்லையே. ஒதுங்க ஒரு மரம் இல்லாத ஊர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். காதை மூடிக்கொண்டு போ. அந்த ஊர்க் கம்பளியே நல்ல கம்பளி, விலை பார்க்காமல் வாங்கு. ஹீட்டர் பில்லுக்குப் பயந்து போர்வைக்குள்ளேயே கிடக்காதே. வைட்டமின் டி மாத்திரையை விடாதே. அது குளிருக்கு அல்ல, இருட்டுக்கு. டிசம்பரில் 9 மணிக்கு மேல் விடிந்து 3 மணிக்குள் இருட்டுகிற ஊரில் ராத்திரி வேலையும் பார்த்தால் சூரியனை எப்போது பார்ப்பாய்? காதை மட்டும் மூடிக்கொள்.

போன வருஷம் ஜனவரி கடைசிச் செவ்வாய், அந்தத் தீப்பந்த ஊர்வலத்தில் கப்பலைக் கொளுத்துகிற படம் அனுப்பினாய். கூட்டத்தில் உன் முகம் சிவந்து இருந்தது. இந்த வருஷமும் அந்தச் செவ்வாய் வந்து போய்விட்டது. வேலை இருந்திருக்கும். மூன்று ஞாயிறாக வேலை இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு ஐந்து நிமிஷம் பெரிய விஷயமா என்று அம்மா கேட்டாள். நான்தான் அவளை அடக்கினேன். உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காரணம் சொல்கிறேன். 1998-ல் சவுதியில் தம்மாமிலிருந்து நானும் இதையேதான் எழுதினேன், "இங்கே வெயில் ஒன்றும் பெரிதில்லை" என்று. ஜூலையில் 45-ஐத் தொடும். அந்த வருஷம் நான்கு மாதம் சம்பளம் வரவில்லை. ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது, உனக்குத் தெரியும். நீ பேசி அனுப்பிய கேசட் அப்போதுதான் வந்தது. "அப்பா, வெயில்ல குடை எடுத்துட்டுப் போங்க" என்கிறாய், பின்னால் பாட்டி இருமுகிறாள். ஒரு தடவைதான் கேட்டேன். பெட்டிக்கு அடியில் சட்டைகளுக்குக் கீழே வைத்துவிட்டேன். ஐந்து மாதம் உனக்குப் பதில் பேசி அனுப்பவில்லை. டேப் ரிக்கார்டர் ரிப்பேர் என்று அம்மாவுக்கு எழுதினேன். அது நன்றாகத்தான் இருந்தது. பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். தபால்காரர் மணிச் சத்தம் கேட்டாலே நீ வாசலுக்கு ஓடுவாய் என்று பாட்டி பின்னால் சொன்னாள். ஆறு வயசுப் பிள்ளை. அதைப் பற்றி இன்றுவரை உன்னிடம் நான் பேசவே இல்லை. தப்பு என்னுடையது, பாப்பா.

பணம் தீர்ந்திருந்தாலும் சரி, வேலையில் ஏதாவது என்றாலும் சரி, மனசு சரியில்லை என்றாலும் சரி, என்னிடம் சொல்லலாம். அம்மாவிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நோட்டில் பிப்ரவரி வரிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறேன். வெளியே நடக்கும்போது உனக்கு எவ்வளவு குளிர்கிறது என்று சொல், எழுதிக்கொள்கிறேன்.

பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் பார்சலில் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா