பொறுப்புப் பட்டியலில் இல்லாத ஒரு தாள்

ஆசிரியருக்கு,

வணக்கம். தனியார் பள்ளியில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வருகிறவர்களைப் பற்றிய பேச்சு சம்பளம், பணிப் பாதுகாப்பு, விடுமுறை என்பதோடு நின்றுவிடுகிறது. சேர்ந்த மறுநாள் வகுப்புக்குள் நுழைந்து என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நல்ல ஆசிரியர்கள் பலர் முதல் பருவத்திலேயே சோர்ந்துபோவது இதனால்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தாள் வேலையை முதலில் சொல்லி முடித்துவிடலாம். நியமன ஆணை கையில் வரும்வரை பழைய பள்ளியில் ராஜினாமா கொடுக்கக் கூடாது. தேர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டாலே வேலை கிடைத்துவிட்டதாக ஆகாது. விலகும் அன்றே பணிவிடுவிப்புக் கடிதம், சேர்ந்த தேதி, விலகிய தேதி, எடுத்த வகுப்பு, பாடம் எல்லாம் குறிப்பிட்ட அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வைப்பு நிதிக் கணக்கு விவரம் ஆகியவற்றை வாங்கிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துப் போனால் அலுவலகத்தில் நம்மைத் தெரிந்த ஆளே இருக்கமாட்டார். பெயரின் எழுத்துக்கூட்டலும் இனிஷியலும் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்பு சிக்கி நிற்பதற்கு இந்தச் சின்ன வேறுபாடு போதும். தனியார் பள்ளி அனுபவம் ஊதிய நிர்ணயத்துக்குச் சேருமா, பணிமூப்புக்குச் சேருமா என்பது இடத்துக்கு இடம் மாறும் விதி. வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பணிப்பதிவேடு திறந்து முதல் சம்பளம் வரச் சில மாதங்கள் ஆகக்கூடும். மூன்று மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைத்துக்கொண்டு வருவது நல்லது.

இனி வகுப்பறை. தனியார் பள்ளியில் பேர் வாங்கிய ஆசிரியர் இங்கே ஏன் தடுமாறுகிறார்? அவர் திறமை எங்கும் போய்விடவில்லை. அங்கே அவருடைய பாடத்துக்கு வெளியில் தெரியாத துணைகள் பல இருந்தன. பல பள்ளிகளில் சேர்க்கையின்போதே ஒரு வடிகட்டல் நடந்துவிடும். வகுப்பில் புரியாததை வீட்டில் அம்மாவோ அப்பாவோ மாலை டியூஷனோ நிரப்பிவிடும். பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் அலுவலகமே தொலைபேசியில் கேட்டுவிடும். அரசுப் பள்ளியின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அதுதான் அதன் பெருமை. அதனாலேயே கதைப்புத்தகத்தைக் கடகடவென்று படிக்கிற குழந்தையும் எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். முதல் நாளே பாடப்புத்தகத்தைத் திறந்து நடத்துகிறவர் முன்வரிசையில் தலையாட்டும் சிலருக்கு மட்டுமே நடத்துகிறார். மற்றவர்கள் அமைதியாக இருப்பார்கள். அந்த அமைதியைப் புரிதல் என்று எடுத்துக்கொள்வதுதான் புதிதாக வருகிறவர் செய்யும் முதல் பிழை.

ஆகவே முதல் வாரம் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஒவ்வொரு குழந்தையையும் தனியாக அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு தாளில் நான்கு படிகள் போதும்: தனி எழுத்துகள் பத்து, எளிய சொற்கள் பத்து, நான்கு வரிப் பத்தி ஒன்று, எட்டுப் பத்து வரிகளில் ஒரு சிறுகதை. பத்தியில் தொடங்கி, தடுமாறினால் கீழே இறங்குங்கள்; தடையில்லாமல் படித்தால் கதைக்கு ஏறுங்கள். கணக்குக்கும் இப்படியே: ஈரிலக்க எண்ணை அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், ஓரிலக்க எண்ணால் வகுத்தல். ஒரு குழந்தைக்கு வாசிப்புக்கு மூன்று நிமிடம், கணக்குக்கு மூன்று நிமிடம் வைத்தால் 40 பேருக்கு 240 நிமிடம், அதாவது 40 நிமிடப் பாடவேளை ஆறு. மற்றவர்களுக்குப் படம் வரைவதோ பார்த்தெழுதுவதோ கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து செய்யலாம். வகுப்பின் முன்னால் செய்யவே கூடாது. ஒருமுறை எல்லாரும் சிரித்துவிட்டால் அந்தக் குழந்தை அந்த ஆண்டு முழுக்க வாய் திறக்காது.

இங்கே ஏமாறுவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது நோட்டுப்புத்தகம். கரும்பலகையில் இருப்பதை அச்சடித்ததுபோல் எழுதும் குழந்தைக்கு அதில் ஒரு சொல்கூடப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம்; அது எழுத்துகளைப் படமாக வரைகிறது. எழுதிய வரியின் நடுவில் விரல் வைத்து, இந்தச் சொல் என்ன என்று கேட்டால் தெரிந்துவிடும். இரண்டாவது கூட்டாகப் படித்தல். நாற்பது குரலில் பத்துக் குரல் சரியாக இருந்தால் போதும், வகுப்பே படிப்பதுபோல் கேட்கும். மூன்றாவது மனப்பாடம். பழகிய பாடத்தைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் ஒப்பிக்கிற பிள்ளைகள் உண்டு. எனவே சோதிக்கும் பத்தி அவர்கள் இதுவரை பார்க்காததாக இருக்க வேண்டும்.

எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்த நிலைத்தாள் தயாரானபின் நாள்தோறும் ஒரு மணி நேரத்தை நிலைவாரிக் குழுக்களுக்கு ஒதுக்க வேண்டும். வயதைப் பாராமல் படிப்பு எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கும் இந்த முறையை இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் வளர்த்தெடுத்தது. 2019-ல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதை ஆய்வுசெய்து, பலன் தருகிறது என்று காட்டியவர்கள். எழுத்துக் குழு, சொல் குழு, பத்திக் குழு, கதைக் குழு என்று நான்கு போதும். தலைமையாசிரியர் ஒத்துழைத்தால் பக்கத்து வகுப்புகளையும் சேர்த்துப் பிரித்து, ஆளுக்கொரு குழுவை எடுத்துக்கொள்ளலாம். மிச்ச நேரம் முழுக்க வகுப்புக்குரிய பாடமே நடக்கட்டும். அது எல்லாருக்கும் உரியது, அதிலிருந்து யாரையும் ஒதுக்கக் கூடாது. குழு முறை கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். எழுத்துக் குழுவை அனுபவம் குறைந்தவரிடம் தள்ளிவிடுவது ஒன்று. இருப்பதிலேயே கைதேர்ந்த ஆசிரியர் தேவைப்படுவது அந்தக் குழுவுக்குத்தான். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிக்காமல் விடுவது இன்னொன்று. சோதிக்காத குழு, குழந்தையின் நெற்றியில் குத்திய முத்திரையாகிவிடும்.

ஒரு ஆசிரியர், நாற்பது பிள்ளைகள் என்ற கணக்கு மலைப்பாகத் தெரியலாம். திண்ணைப் பள்ளிக் காலத்திலேயே இதற்கு ஒரு வழி இருந்தது: சட்டாம்பிள்ளை. மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அது. 1790-களில் மதராஸில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அங்கே மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பித்தார்; 1797-ல் அதை எழுதி வெளியிட்டார்; இங்கிலாந்தில் அது மதராஸ் முறை என்றே பரவியது. இன்றைக்கு இதைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் மாணவனையும் கடைசி மாணவனையும் ஜோடி சேர்த்தால், முதலாமவன் பொறுமையிழந்து விடையைத் தானே எழுதிக் கொடுத்துவிடுவான். ஒரு படி மட்டுமே மேலிருக்கும் பிள்ளையைச் சேர்த்தால், அது நேற்றுத்தான் தாண்டி வந்த தடையை இன்று நன்றாகவே விளக்கும். பதினைந்து நிமிடத்துக்குமேல் இழுக்கவும் கூடாது. சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்கும் படிக்க நேரம் வேண்டும்.

கேள்வி கேட்கும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிக்குமேல் காத்திருப்பதில்லை என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். டியூஷனில் ஏற்கெனவே கேட்டுவிட்டு வரும் பிள்ளைகளுக்குக் கேள்வியை வீசியவுடன் கை உயரும். முதல்முறையாகக் கேட்கிற குழந்தைக்கு யோசிக்க வேண்டும், வீட்டில் பேசும் மொழியிலிருந்து பாடமொழிக்கு மாற்ற வேண்டும், தைரியமும் வரவேண்டும். மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள்.

கரும்பலகை இங்கே முதன்மையான கருவி. நகல் எடுத்த பயிற்சித்தாள் எப்போதும் கிடைக்கும் என்று திட்டமிடக் கூடாது. பலகையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இடப்பக்கம் அன்றைய புதுச்சொற்கள், மணி அடிக்கும்வரை அழியாது; நடுவில் பாடம்; வலப்பக்கம் அழித்தழித்து எழுத. எழுதிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். எழுத்து இரண்டு விரற்கடை உயரமாவது இல்லையென்றால், மெய்யெழுத்தின் புள்ளியும் கி, கீ வேறுபாடும்தான் முதலில் மறையும். எழுத்துப் பழகும் குழந்தைக்கு உயிரான இடம் அதுதான்.

வீட்டுப்பாடத்தைப் பழைய அளவில் கொடுத்தால் பாதி நோட்டு வெறுமையாக வரும். அதைச் சோம்பல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வீட்டில் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, உட்கார இடமில்லை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருக்கிறது. யாருடைய உதவியும் இல்லாமல் இருபது நிமிடத்தில் முடியக்கூடியதை, வகுப்பில் ஏற்கெனவே பழகியதை மட்டும் கொடுக்க வேண்டும். மறுநாளே திருத்த வேண்டும். நோட்டுக்கு அரை நிமிடம் வைத்தால் 40 நோட்டுக்கு 20 நிமிடம். திருத்தாத வீட்டுப்பாடத்தை மூன்றாம் நாள் யாரும் எழுதமாட்டார்கள்.

வருகை விஷயத்திலும் அப்படித்தான். இங்கே வகுப்பாசிரியரே அலுவலகம். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் அன்றே விசாரிக்க வேண்டும். எந்தக் கிழமையில் வருகை குறைகிறது என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் காரணம் பாதி புரிந்துவிடும். திரும்பி வந்த குழந்தையை வாசலில் நிற்கவைத்துத் திட்டினால், அடுத்தமுறை நான்கு நாள் ஐந்து நாளாகும். ஒருநாள் வராமலே போய்விடும். உள்ளே அழைத்து, பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லி, பத்து நிமிடத்தில் விட்டதைக் காட்டச் சொல்லுங்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கு வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள், அந்தப் பகல் நேரம் அவர்களுக்கு ஒருநாள் கூலி என்பதை நினைக்க வேண்டும். மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வரும்போது இரண்டு நிமிடம் பேசலாம். முதல் பேச்சு குழந்தையைப் பற்றிய நல்ல சேதியாக இருக்கட்டும். பள்ளியிலிருந்து வந்த தகவல் எல்லாமே புகாராக இருந்ததைத்தான் பலர் கண்டிருக்கிறார்கள்.

பதிவேடுகள் பற்றி ஒரு வார்த்தை. வருகை, உதவித்தொகை, இருப்புப் பதிவேடு என்று ஒவ்வொன்றும் தணிக்கைக்கு உட்பட்டது. பிழை நேர்ந்தால் வெள்ளை மை பூசக் கூடாது; ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியோடு சுருக்கொப்பம் இட வேண்டும். பொறுப்பேற்கும்போது நாற்காலி, வரைபடம், ஆய்வகக் கண்ணாடிக் குடுவை வரை எண்ணிப் பார்த்த பிறகே கையெழுத்து. எண்ணாமல் போட்ட கையெழுத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

தனியார் பள்ளியிலிருந்து கொண்டுவர வேண்டியவையும் உண்டு. பாடத்தை முதல்நாளே தயாரிப்பது, மணி அடிக்கும்போது வகுப்பில் இருப்பது, விடைத்தாளை ஒரு வாரத்துக்குள் திருத்தித் தருவது: இவற்றைச் சூழலைக் காரணம் காட்டி விட்டுவிடாதீர்கள். ஆனால் "எங்கள் பழைய பள்ளியில்" என்று தொடங்கும் வாக்கியத்தை ஆசிரியர் அறையில் முதல் ஆண்டு முழுக்கத் தவிர்ப்பது நல்லது. பத்தாண்டுகளாக அந்தப் பிள்ளைகளின் வீடுகளை அறிந்த மூத்தவர் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார், கேட்டால் சொல்வார்.

கல்வித் துறையினரிடம் கேட்கவேண்டியது மூன்று. புதிதாக வந்தவரை முதல் பருவத்தில் பாடத்திட்டம் எத்தனை பக்கம் முடிந்தது என்று அளக்காதீர்கள்; எத்தனை குழந்தைகள் ஒரு படி ஏறினார்கள் என்று கேளுங்கள். அந்தப் பருவத்தில் அவரை வகுப்பிலிருந்து பிரித்து வேறு பணிகளுக்கு அனுப்பாதீர்கள். மூன்றாவது, ஒரு பைசா செலவில்லாதது. மாறுதலில் போகும் ஆசிரியர் ஒப்படைக்கும் பொறுப்புப் பட்டியலில் குழந்தைகளின் நிலைத்தாளையும் சேருங்கள். பெயர், வாசிப்பு நிலை, கணக்கு நிலை, கடைசியாகச் சோதித்த தேதி, கண் பார்வையோ காது கேட்பதோ வீட்டுச் சூழலோ பற்றிய ஒருவரிக் குறிப்பு என ஐந்து நெடுவரிசை போதும். வகுப்புக்கு ஒரு தாள். மாறுதல் ஆண்டின் நடுவில் வந்தாலும், புதிதாக வருகிறவர் மறுநாள் காலையே எழுத்துக் குழுவோடு உட்கார்ந்துவிடலாம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்